சின்ன எல்இடி லைட்டை வைத்து முகத்தைப் படமெடுப்பது

கையில் தூக்கிப் போகும் எல்இடி லைட்டை வாங்கியதும் நிறையப் பேர் செய்வது, அதைக் கேமரா தலையிலேயே மாட்டி, வெளிச்சத்தை நூறு சதவீதம் ஏற்றி, எதிரில் நிற்பவர் மூஞ்சியில் நேராக அடிப்பது. ஆதார் அட்டைப் படம் மாதிரிதான் வரும். அதே லைட்டைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் போட்டு, பக்கவாட்டில், ஆளுக்கு ரொம்பக் கிட்டத்தில் கொண்டுபோய் வையுங்கள், படமே மாறிவிடும்.

எவ்வளவு கிட்டத்தில் என்றால், ஃப்ரேம் ஓரத்தில் லைட் தலைகாட்டிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு. தூரத்தைப் பாதியாக்கினால் முகத்தில் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும், அதனால் சின்ன லைட்டே போதும், பின்னால் இருக்கும் சுவரும் தானாக இருட்டாகி ஆள் தனித்துத் தெரிவார். அதோடு, கிட்டத்தில் இருக்கும் லைட் முகத்துக்குப் பெரிதாகத் தெரியும், பெரிதாகத் தெரிந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். உள்ளங்கை அளவு பேனலை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு நிழல் வெட்டினாற்போல விழுகிறதே என்று புலம்பிப் பயனில்லை.

வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிக்கூடு, அதாவது சாஃப்ட்பாக்ஸ், இருந்தால் மாட்டுங்கள். இல்லையா, வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கும், அதை ஒரு கொடியில் தொங்கவிட்டு, லைட்டைத் துணிக்குப் பின்னால் இரண்டு, மூன்று அடி தள்ளி வையுங்கள். துணி முழுக்க வெளிச்சம் பரவ வேண்டும், அதுதான் விஷயம். லைட்டின் மேலேயே போர்த்திவிட்டால் வெளிச்சம் குறையுமே தவிர மென்மை வராது, சூடும் வெளியேறாது. பழுப்பேறிய வேட்டி வேண்டாம், முகமும் மஞ்சளாகிவிடும்.

இப்போது இடம். ஃப்ளாஷ் என்றால் அடித்துப் பார்த்துத்தான் தெரியும், இதில் கண்ணால் பார்த்துக்கொண்டே நகர்த்தலாம் என்பதால் மூக்கின் நிழலை மட்டும் கவனியுங்கள். லைட்டைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தி, முகத்துக்கு நேரிலிருந்து மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோனால் மூக்கின் நிழல் கன்னத்தை நோக்கி நீளும், சுமார் 45 டிகிரியைத் தாண்டும்போது கன்னத்து நிழலோடு போய்ச் சேரும், அந்தப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம் தங்கும். அங்கே நிறுத்துங்கள். இரண்டு கண்ணிலும் லைட்டின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள், தெரியவில்லை என்றால் லைட் ரொம்ப உயரம், இறக்குங்கள். இருட்டான பக்கம் ரொம்பக் கறுத்துப் போனால் ஒரு தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னால் போதும், சினிமா ஷூட்டிங்கில் காலங்காலமாகச் செய்வதுதான். இரண்டாவது லைட் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

கண்ணாடி போட்டவர் என்றால் லென்ஸில் லைட் தெரியும். இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள், அப்படியும் போகவில்லை என்றால் கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலே துளி தூக்கி வைக்கச் சொல்லுங்கள், லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு நழுவிவிடும். வயதானவர்களுக்குக் கண் கூசும், எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் போடாமல் பத்து சதவீதத்தில் தொடங்கி ஏற்றுங்கள்.

நிறத்துக்கு வருவோம். படமெடுக்கும்போது வீட்டு ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், எல்இடியோடு கலந்தால் ஒரு கன்னம் பச்சையடிக்கும், பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வது பெரிய தலைவலி. ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்த்து எடுத்தால் லைட்டின் நிற அளவை 5600 கெல்வினில் வையுங்கள் (எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), மஞ்சள் பல்போடு என்றால் 3200 பக்கம் இறக்குங்கள், எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாமல் அதே எண்ணில் நிறுத்துங்கள். லைட் வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேலே இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரிதான், அடர் சிவப்பு அதில் சேராது. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் எண் உண்டு, அதையும் பாருங்கள். நம்முடைய மாநிறத் தோலும், குங்குமமும், அரக்குச் சேலையும் உள்ளபடி வருமா என்பது அதைப் பொறுத்தது. ஊதா, பச்சை என்று கலர் மாறும் லைட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது முகப்படத்துக்கு வீண் என்பது என் கட்சி.

கேமராவில் ஷட்டரை 1/125 நொடியில் வையுங்கள், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400, இங்கே தொடங்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். 60 வாட் லைட்டை சாஃப்ட்பாக்ஸோடு ஒரு மீட்டரில் வைத்தால் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தால், மலிவான பேனல்கள் குறைந்த வெளிச்சத்தில் அணைந்து அணைந்து எரிவதால் வருவது அது, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் (சைலன்ட்) ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள், லைட்டை முழுசாக ஏற்றி இன்னொரு மடிப்புத் துணி போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

வெளியே போவதானால் நேரம் முக்கியம். வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், உங்கள் 60 வாட் அதன் முன்னால் எரிவதே தெரியாது. சூரியன் இறங்கி வானம் நீலமாகும் அந்த அரை மணி நேரம்தான் இதற்கு வாய்த்தது. லைட்டை 4500 கெல்வினில் வைத்து ஒயிட் பேலன்ஸையும் அதே எண்ணில் நிறுத்தினால் முகம் இயல்பாக இருக்கும், வானம் இன்னும் நீலமாகும். வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வரும், லைட்டையும் அதோடு சேர்த்துக் குறைத்துக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் முகம் மட்டும் ஒட்டவைத்தாற்போல நிற்கும்.

பேட்டரி கணக்கு எளிது. இந்த லைட்டுகளில் போடும் என்பி-எஃப்970 பேட்டரி ஒன்றில் சுமார் 47 வாட்-மணி இருக்கும், இரண்டு போட்டால் 60 வாட் லைட் முழு வெளிச்சத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அங்கிருந்து இங்கே நகர்ந்து இடம் பார்க்கும் நேரத்தில் அணைத்து வையுங்கள். விமானத்தில் போனால் கழற்றிய பேட்டரிகளைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை.