மரச்சாமான் கண்காட்சியில் புது டிரெண்டுகளைப் பார்ப்பது எப்படி, அதில் வீட்டுக்கு எதை எடுப்பது

கண்காட்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டை அளந்துவிடுங்கள். அறையின் நீளம் அகலம் மட்டும் போதாது. வாசல் நிலையின் உள் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்டின் உள் ஆழம், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை எங்கேயோ மேலே இருக்கிற அந்தப் பெரிய கூடத்தில் இரண்டரை மீட்டர் சோபாகூடக் கைக்கு அடக்கமாகத்தான் தெரியும், அங்கே நின்றுகொண்டு கண்ணளவில் முடிவெடுக்கவே கூடாது.

உள்ளே போனதும் முதல் சுற்றில் எதையும் விசாரிக்காமல் நடங்கள். ஒரே ஸ்டாலில் இருப்பது அந்த நிறுவனத்தின் ரசனை, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஏழெட்டு ஸ்டால்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதுதான் டிரெண்ட். நேரில் போக முடியாதவர்கள் இத்தாலியின் மிலான் நகரில் 1961 முதல் நடக்கும் சலோனே டெல் மொபிலே கண்காட்சியின் படங்களைப் பார்க்கலாம். அங்கே சமையலறைக்கான யூரோகுச்சினா இரட்டைப்படை ஆண்டுகளிலும் விளக்குகளுக்கான யூரோலூச்சே ஒற்றைப்படை ஆண்டுகளிலும் வருகின்றன, அதனால் சமையலறை மாற்றப் போகிறவர் எந்த ஆண்டுப் படங்களைத் தேடுவது என்று தெரிந்து தேடலாம்.

சமீப ஆண்டுகளில் கண்ணை நிறைப்பவை வளைந்த சோபாக்கள், சுருள்நூல் துணியான பூக்லே, வரிவரியாகப் பள்ளம் போட்ட மரப்பலகை, அடர் பழுப்பு மரம், டிராவர்டைன் கல் மேசை. இவற்றில் பாதி புதிது இல்லை. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜான் ரொயேரின் உருண்ட துருவக்கரடி சோபா 1947-ஐச் சேர்ந்தது, ஏரோ சாரினென் பூக்லே துணி போர்த்த வூம்ப் நாற்காலி 1948-இல் வந்தது, மாரியோ பெல்லினி 1970-இல் வடிவமைத்த கமலியோண்டா சோபாவை 2020-இல் மறுபடி வெளியிட்டார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். ஐம்பது ஆண்டு கழித்தும் திரும்பி வருகிற வடிவத்தை நம்பி வாங்கலாம். நிறம் அப்படி இல்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை 'ஆண்டின் நிறம்' என்று தேர்ந்தெடுக்கும் பேண்டோன் நிறுவனம் 2024-க்குப் பீச் நிறம், 2025-க்குக் காப்பிப் பழுப்பு, 2026-க்கு மேக வெள்ளை என்று அறிவித்தது, மூன்று ஆண்டில் மூன்று திசை. ஆகவே அந்தந்த ஆண்டின் நிறத்தைக் குஷன் உறை, திரைச்சீலை, ஒரு சுவர் பெயிண்ட் என்று சுலபமாக மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் வையுங்கள். சோபா, அலமாரி, சமையலறை கேபினட் இவற்றுக்குப் பத்து வருடம் கழித்தும் சலிக்காது என்று தோன்றும் நிறம்தான் சரி.

வளைந்த சோபாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் மூலை மூலையாக இடம் வீணாகும், தூசியும் அங்கேதான் சேரும். அது அறை நடுவில் நிற்க வேண்டிய பொருள், சுற்றி நடக்க இடம் இல்லாத வீட்டில் நேர் சோபாவே நல்லது. பூக்லேயில் பூனை நகமும் கைக்கடிகாரப் பட்டையும் மாட்டி நூலை இழுத்துவிடும். துணியின் உழைப்பைத் தெரிந்துகொள்ள மார்ட்டின்டேல் எண் எவ்வளவு என்று கேளுங்கள், துணியை எத்தனை முறை தேய்த்தால் நூல் அறும் என்பதைச் சொல்லும் எண் அது. தினமும் உட்காரும் சோபாவுக்கு 25,000-க்குக் கீழே நான் போகமாட்டேன். பள்ளப் பலகை செங்குத்தாக இருந்தால் துடைப்பது எளிது, அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. டிராவர்டைன் சுண்ணாம்புக்கல் வகை, எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் தழும்பு விழும், துளைகளை அடைத்து சீலர் பூசியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது சுற்றில் டேப்பை எடுங்கள். சோபாவில் பத்து நிமிடமாவது உட்காருங்கள், அதுவும் வீட்டில் உட்காருவது போல. நிமிர்ந்து உட்கார இருக்கையின் ஆழம் 50 முதல் 55 செ.மீ. இருந்தால் போதும். இப்போது வரும் பல சோபாக்கள் அதைவிட ஆழமானவை, படுத்துப் படம் பார்க்க சுகம், வயதானவர்களுக்கு எழுந்திருக்கக் கஷ்டம். முன்பக்க மூலை ஒன்றை ஒரு சாண் தூக்கிப் பாருங்கள், இன்னொரு முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி, அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்குகிறது என்று அர்த்தம். ஃபோம் அடர்த்தியையும் கேளுங்கள், இருக்கைக்குக் கன மீட்டருக்கு 30 முதல் 35 கிலோவாவது வேண்டும். மெத்தென்று இருப்பதற்கும் அடர்த்திக்கும் சம்பந்தமில்லை, அடர்த்தி குறைந்தது சீக்கிரம் குழி விழும்.

நான் ஒருமுறை ஒரு கடையில் மேசையும் இன்னொரு கடையில் கை வைத்த நாற்காலிகளும் வாங்கினேன், நாற்காலியின் கைகள் மேசைக்கு அடியில் நுழையவே இல்லை, ஆறு நாற்காலியும் வருடக்கணக்கில் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இருக்கைக்கும் மேசையின் மேற்பரப்புக்கும் நடுவில் 28 முதல் 30 செ.மீ., கை உயரம் மேசைச் சட்டத்துக்குக் கீழே, இந்த இரண்டையும் அங்கேயே அளந்துவிடுங்கள்.

அப்புறம் அலமாரியின் முதுகைப் பாருங்கள். டிராயரை முழுக்க இழுத்து, கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள், நெடி கண்ணை எரித்தால் பலகைப் பசையில் ஃபார்மால்டிஹைடு அதிகமாக இருக்கலாம், அது குறைவாக வெளியேறும் பலகைக்குத் தரும் இ1 தரமா என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலும் பலகை விளிம்பை மூடும் பட்டையான எட்ஜ் பேண்ட் ஒட்டியிருந்தால் வேலை சுத்தம். காட்சிக்கு வைத்திருப்பது மாதிரிப் பொருளா, இதே மரம், இதே துணியில்தான் வீட்டுக்கு வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டால் விளக்கு எல்லா மரத்தையும் தேன் நிறமாக்கும், அது பெரும்பாலும் 3000 கெல்வின் அளவில் உள்ள மஞ்சள் ஒளி (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக்கூட வெள்ளை கூடும்). வீட்டில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு இருந்தால் அதே பழுப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரியும். துணித் துண்டும் மரத் துண்டும் கேட்டு வாங்கி வந்து, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை. மாஸ்கிங் டேப்பால் சோபாவின் அளவை வீட்டுத் தரையில் ஒட்டி, டீப்பாய்க்கு 45 செ.மீ. இடைவெளியும் நடக்கிற வழிக்கு 90 செ.மீ. இடமும் விட்டுப் பாருங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டை மிதிக்காமல் புழங்க முடிகிறதா, பால்கனிக் கதவு முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டாலில் கொடுத்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்.