முதல் மார்டல் காம்பாட்டில் விட்டுப்போனவற்றைத் தேடும் முறை

சண்டை வீடியோ விளையாட்டுகளின் உள்ளே மறைந்து கிடப்பவற்றைத் தேட நினைப்பவர்கள் 1992இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட முதல் மார்டல் காம்பாட்டிலிருந்து தொடங்குங்கள். எட் பூன், ஜான் டோபியாஸ், ஜான் வோகல், டான் ஃபோர்டன் என்ற நால்வர் குழுதான் அதை உருவாக்கியது. உருவாக்கிய விதத்தின் தடயங்கள் அதில் இன்னும் இருக்கின்றன.

முதலில் பதிப்பு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்ப்பவர்களின் குறிப்புகளை நான் நம்புவதில்லை. காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்குப் போன இந்த ஆட்டம் பலமுறை திருத்தப்பட்டது. பச்சை உடை அணிந்த ரகசிய வீரன் ரெப்டைல் 3.0 பதிப்பில்தான் வந்தான். அதற்கு முந்தைய பதிப்புள்ள மின்சுற்றுப் பலகையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்கமாட்டான்.

அடுத்தது இயந்திரத்தைப் பராமரிப்பவர்களுக்கான சோதனை மெனு. அசல் இயந்திரத்தில் காசுக் கதவைத் திறந்தால் அதற்கான பொத்தான் இருக்கும். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் எஃப்2 விசை. அங்குள்ள கணக்குப் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். ரெப்டைல் எத்தனை முறை தோன்றினான், எத்தனை முறை மோதினான் என்ற வரிகளின் அருகே "எர்மாக்ஸ்" என்றொரு வரியைச் சில பதிப்புகளில் காணலாம். அந்தக் காலத்து ரசிகர்கள் அதைப் பார்த்துவிட்டு, சிவப்பு உடையில் ஒரு ரகசிய நிஞ்சா இருப்பதாக நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது: நிஞ்சாக்களான ஸ்கார்பியன், சப்-ஜீரோ, ரெப்டைல் மூவருமே ஒரே நடிகரின் படங்களுக்கு நிறம் மாற்றி உருவானவர்கள். ஆனால் அந்த வரி நிரலில் பிழை நேர்வதை எண்ணும் கணக்கு. எர்மாக் என்ற பெயரில் உண்மையான வீரன் 1995இல், அல்டிமேட் மார்டல் காம்பாட் 3இல்தான் வந்தான்.

ஆகவே மெனுவில் ஒரு பெயரைக் கண்டதும் அதை நீக்கப்பட்ட வீரன் என்று எழுதிவிடாதீர்கள். அவனுக்கென்று படமோ ஒலியோ அசைவோ நினைவகச் சில்லுகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் இருப்பதைத் தனிப் பத்தியில் குறியுங்கள். பெயர் மட்டும் கிடைத்தால் "பெயர் மட்டும்" என்றே எழுதுங்கள்.

கை பழகியதும் 1993இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். அதன் கணக்குப் பக்கத்தில் முதல் பாகத்து வீரர்களான கானோ, சோன்யா ஆகியோரின் உருமாற்றங்களை எண்ணும் வரிகள் உண்டு. மற்ற வீரர்களாக உருமாறும் ஷாங் சுங் அவ்விருவராகவும் மாறுவான் என்ற வதந்தி அதிலிருந்து பரவியது. ஆட்டத்தில் அவர்கள் வில்லன் ஷாவ் கானின் அரங்கின் பின்னணியில் சங்கிலியில் கட்டுண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.