ஓடாத செட்டைத் திறக்கும் முன்

ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. 2003-ல், 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி ஒன்று. "ஆன் ஆகவே மாட்டேங்குது" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போர்டைத் திருப்பிப் பார்க்கலாம் என்று இரண்டு கையாலும் தூக்கினேன். அடுத்து நினைவிருப்பது, பின்னாலிருந்த ரேக்கில் தலை மோதிக் கீழே உட்கார்ந்திருந்ததுதான். இடது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது.

என் கடையில் வேலை பழக வரும் பையன்களிடம் முதல் நாள் இந்தத் தழும்பைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். ஓடுகிற செட்டைவிட ஓடாத செட்டுதான் ஆபத்தானது. ஓடுகிற செட்டின் ப்ளக்கைப் பிடுங்கினால், மெயின் கப்பாசிட்டரில், அதாவது கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய டப்பாவில், இருக்கும் கரண்டை செட்டே ஒன்றிரண்டு விநாடியில் தின்று தீர்த்துவிடும். பவர் சப்ளை கிளம்பாத செட்டில் தின்ன ஆள் இல்லை. நம் வீட்டு 230 வோல்ட் ஏசி, ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டியதும் கப்பாசிட்டரில் ஏறக்குறைய 320 வோல்ட் டிசியாக நிற்கும். பவர் சப்ளையைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகி, அதாவது உள்ளே அறுந்து, கிடந்தால் அது நெடுநேரம் அப்படியே இருக்கும். எனக்கு அன்று நடந்தது அதுதான். இன்றைய எல்இடி டிவியிலும் இதே கதை. பெரிய செட்டுகளில் பிஎஃப்சி என்ற வோல்டேஜை ஏற்றும் பகுதி இருந்தால் 380, 400 வோல்ட் வரை போகும்.

ஆகவே செட்டைத் திறந்ததும் முதல் வேலை கப்பாசிட்டரைக் காலி செய்வது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் 'டப்' என்று ஷார்ட் பண்ணும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பொறி கண்ணில் தெறிக்கும், போர்டு டிராக் பிய்யும், கப்பாசிட்டரும் கெடும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரும் ப்ரோபும் சேர்த்து, மேலே ஸ்லீவ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோப் இரண்டையும் கப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்தால், 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இதில் மூன்று விநாடிக்குள் இறங்கிவிடும். நான் பத்து வரை எண்ணுவேன். பிறகு மீட்டரை டிசியில் வைத்து அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும், வோல்டேஜ் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் அதே மீட்டரை வைத்துப் பாருங்கள். லீடு அறுந்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளந்தால் சில வோல்ட் திரும்ப ஏறியிருக்கும். பெரிய கப்பாசிட்டரின் இயல்பு அது.

இனி, கரண்டில் வைத்தே பார்க்க வேண்டிய வேலை. செட்டுக்குப் போகும் லைனின் நடுவே ஒரு பல்பை மாட்டிய சீரிஸ் பல்பு போர்டில் போட்டால் ஷாக் அடிக்காது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இந்த நம்பிக்கை ஆளையே கொல்லும். 100 வாட் பல்பு எரியாதபோது அதன் ரெசிஸ்டன்ஸ் நாற்பது ஓம் அளவுதான். ஈரக்கையோடு தொடும் உடம்பு ஆயிரம் ஓம் என்று வைத்தால் 200 மில்லியாம்பியருக்கு மேல் உடம்பு வழியாக ஓடும். பல்பு மினுக்கக்கூட மினுக்காது. பத்து மில்லியாம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை விடாது. முப்பதைத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பே குழம்பிவிடும். சீரிஸ் பல்பு காப்பாற்றுவது ஃப்யூஸையும் டிரான்சிஸ்டரையும்தான்.

ஆளைக் காப்பாற்ற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சட்டென்று லைனை வெட்டிவிடும் சுவிட்ச். என் கடையில் வேலை மேசைக்கென்று தனியாக ஒன்று போட்டிருக்கிறேன். மாதப் பிறப்பில் அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிடுவேன். ஆனால் அது எப்போது கைவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்குத் தெரியாது, நீங்களும் ஒரு பல்புதான். கப்பாசிட்டரில் தேங்கிய கரண்டையும் அது பார்க்காது. செட்டை மெயின் லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நடப்பதும் அதற்குத் தெரியாது.

அதனால்தான் ஒற்றைக் கை. இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வது எனக்கு இப்போது அனிச்சையாகிவிட்டது. நெகட்டிவ் ப்ரோபை கிளிப்பால் மாட்டிவிட்டு அப்புறம் கரண்ட் கொடுங்கள். ஒரு கையால் மட்டும் அளங்கள். மோதிரம், காப்பு, ஸ்டீல் வாட்ச் மூன்றும் டிராயருக்குள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, கீழே ரப்பர் பாய். ஐசி சிப் கெடாமலிருக்கக் கையில் மாட்டும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டையைக் கரண்ட் உள்ள செட்டில் வேலை செய்யும்போது கழற்றிவிட வேண்டும். உடம்பை எர்த்தோடு கட்டிவைத்துக்கொண்டு லைனைத் தொடுகிற வேலை அது.

மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்காதீர்கள். பொழுதுபோக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிற தம்பிகள், அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வீடியோ பார்த்து மரப்பலகையில் கரண்ட் விட்டு மின்னல் கோடு வரைகிறார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அதன் செகண்டரியில், அதாவது கரண்ட் வெளியே வரும் சுற்றில், ஏறக்குறைய 2000 வோல்ட், அதுவும் ஆளைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கு கரண்டோடு. ஒரு முனை இரும்பு பாடியிலேயே சேர்ந்திருக்கும். பிக்சர் டியூபின் இருபதாயிரம் வோல்ட்டில் அடி வாங்கிய கிழவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. மைக்ரோவேவில் அடி வாங்கிப் பிழைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தனியாக வேலை செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்தால் போதும். என் மனைவிக்கு அதைத்தான் முதலில் காட்டிக்கொடுத்தேன். டேபிள் ஃபேன் ஒன்று என் கையைப் பிடித்துக்கொண்ட ஒரு மழைநாளில் அவள் ஓடிவந்து என்னைத் தொடாமல் மெயினைத் தட்டினாள். தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். சுவிட்ச் எட்டாத தூரத்தில் இருந்தால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, எதையாவது வைத்து ஆளைத் தள்ளிவிட வேண்டும்.

விழுந்தவர் அசையாமல், மூச்சில்லாமல் கிடந்தால் 108-க்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். மீன் கரையில் வாயைத் திறப்பதுபோல் எப்போதாவது ஒருமுறை இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது. உள்ளங்கை, பாதம் தேய்ப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது என்று போகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான் போகிறது. மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். விலா எலும்பு முறியுமோ என்று கையைத் தளர்த்த வேண்டாம். கை சோர்ந்தால் ஆள் மாற்றி, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்குங்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, டீ சொல்லு" என்பவரையும் விடாதீர்கள். மயங்கி விழுந்திருந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியிருந்தாலோ அன்றே இசிஜி எடுக்க வேண்டும். தோலில் புள்ளி அளவு காயம் இருந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், கரண்ட் அடித்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.