வீடு கட்டும் கம்பனியின் பங்கிலாபம்: முதலிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஓய்வுபெறும் ஆசிரியர்களும் அலுவலர்களும் பணிக்கொடையாகக் கிடைத்த தொகையை நிலையான வைப்பில் இடுவதே நெடுநாள் வழக்கம். வட்டி வீதம் இறங்கும்போது அவர்களிற் சிலர் கொழும்புப் பங்குச் சந்தையின் பக்கம் திரும்பி, தொடர்மாடி வீடுகளைக் கட்டி விற்கும் கம்பனிகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் முதலிற் கேட்பது, "எத்தனை வீதம் பங்கிலாபம் தருவார்கள்?" என்பதே. வைப்புக்கான வட்டி ஒப்பந்தப்படி வந்தே தீரும். கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பகிரும் பங்கிலாபமோ பணிப்பாளர் சபை தீர்மானித்தால் மட்டுமே வரும். இந்த வேறுபாட்டை மறந்து, சென்ற ஆண்டின் வீதத்தை வரும் ஆண்டுக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பங்கின் விலை 40 ரூபாய், சென்ற ஆண்டுப் பங்கிலாபம் 4 ரூபாய் என்றால் விளைவு வீதம், அதாவது விலையில் பங்கிலாபம் எத்தனை வீதம் என்பது, 10. விலை 25 ரூபாய்க்கு விழுந்தால் அதே 4 ரூபாய் 16 வீதமாகத் தோற்றமளிக்கும். கம்பனி ஒரு சதமேனும் கூட்டித் தரவில்லை. வீடுகள் விற்காமற் போகலாம் என்று சந்தை அஞ்சியதால் விலை விழுந்திருக்கிறது. பிரித்தானியாவில் வீடு கட்டி விற்கும் பெர்சிமன் கம்பனி 2021ஆம் நிதியாண்டுக்குப் பங்கொன்றுக்கு 235 பென்ஸ் வழங்கியது. 2022இல் அங்கே வீட்டுக்கடன் வட்டி ஏறி வீடு வாங்குவோர் குறைந்தபின், அந்த ஆண்டுக்கான பங்கிலாபம் 60 பென்ஸாகச் சுருங்கியது. பழைய தொகையை நம்பிப் பங்கு வாங்கியவர்களுக்கு அதில் நாலில் ஒரு பங்களவே மிஞ்சியது. நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய உயர்வு வாங்குபவரின் வீட்டுக்கடனையும் கட்டுபவரின் வங்கிக்கடனையும் ஒருசேர அழுத்துவதால், இத்தொழிலின் பங்கிலாபம் மற்றத் தொழில்களை விட விரைவாக வெட்டப்படுகிறது.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது: இலாபத்தைக் காசு என்று எண்ணுவது. ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ சொந்த வீடு கட்டியவர்களுக்கு, அத்திவாரம் முடிந்ததும் ஒரு தொகை, லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியதும் ஒரு தொகை, கூரை ஏறியதும் ஒரு தொகை என்று மேசனுக்குக் கொடுத்த அனுபவம் இருக்கும். வேலை ஓடும் வேகத்திலேயே காசும் ஓடாது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொடர்மாடிக் கம்பனிகளிலும் இப்படித்தான். ஒப்பந்தத்தின் தன்மையைப் பொறுத்து, கட்டட வேலை முன்னேற முன்னேற வருமானத்தைப் பதிவதும் உண்டு. வீட்டைக் கையளிக்கும்போதே பதிவதும் உண்டு. ஆகவே காசு வந்து சேருமுன்னரே இலாபம் கணக்கில் ஏறிவிடக்கூடும். வாடகைக்கு விடும் கட்டடங்களைச் சீர்மதிப்பில் (அன்றைய சந்தையில் பெறக்கூடிய விலையில்) காட்டும் கம்பனியாயின், காணியின் மதிப்பு உயர்ந்ததாக மதிப்பீட்டாளர் எழுதிய தொகையும் அந்த ஆண்டின் இலாபத்திற் சேர்ந்துவிடும். அது காசாகக் கைக்கு வந்த தொகையன்று; பங்கிலாபம் கொடுக்கவோ காசு வேண்டும். ஆண்டறிக்கையைத் திறந்தவுடன் இலாபநட்டக் கூற்றைப் பார்ப்பதற்குப் பதிலாகக் காசுப்பாய்ச்சற் கூற்றில் தொழிற்பாட்டு நடவடிக்கைகளிலிருந்து வந்த காசைப் பாருங்கள். அதுவும் ஓர் ஆண்டை மட்டுமன்றி, ஒரு கட்டடம் தொடங்கி முடியும் நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் காசு வெளியேறிக்கொண்டிருக்க, பங்கிலாபம் மட்டும் ஒழுங்காக வந்திருந்தால், அது கடனிலிருந்தோ புதிய பங்கு விற்ற பணத்திலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதற்கு ஓர் எல்லையை வைத்திருக்கிறது. கடன்களை உரிய காலத்தில் தீர்க்க வல்லதாகவும், சொத்துக்களின் பெறுமதி பொறுப்புக்களையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்குகளை வெளியிட்டுத் திரட்டிய தொகையையும்) சேர்த்த தொகையை விடக் கூடியதாகவும் கம்பனி இருந்தால்தான் பங்கிலாபம் வழங்கலாம். அதற்குக் கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும். எனினும் இந்தச் சோதனையில் தேறிய கம்பனி அடுத்த ஆண்டும் அதே தொகையைத் தரும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

பங்கிலாபம் தராத கம்பனியை உடனே ஒதுக்குவதும் தவறே. பெரும்போக அறுவடை முடிந்ததும் விதைநெல்லையும் சேர்த்து விற்றுவிடும் போடியாரை நம் ஊரில் எவரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. கட்டி முடித்த வீடுகளை விற்ற காசில் அடுத்த காணியை வாங்காத கம்பனியும் அவரைப் போன்றதே. அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் என்.வி.ஆர். கம்பனி பங்கிலாபம் கொடுக்காமல் தன் பங்குகளையே திரும்ப வாங்கி, மீதமுள்ள பங்கொன்றுக்குரிய இலாபத்தை வளர்த்துவந்தது. ஆனால் மாதாந்தச் செலவுக்குப் பணம் எதிர்பார்க்கும் ஓய்வூதியருக்கு அத்தகைய பங்கு பொருந்தாது. அது அவரது தேவையைப் பற்றிய விடயமேயன்றிக் கம்பனியின் குறையன்று.

ஒரு கட்டடத்தொகுதி முழுவதும் விற்றுத் தீர்ந்த ஆண்டில் வரும் சிறப்புப் பங்கிலாபத்தை வழமையான பங்கிலாபத்துடன் கூட்டிச் சராசரி பார்க்காதீர்கள். பங்கிலாப உரித்து நீங்கும் நாளுக்கு (அன்று முதல் பங்கு வாங்குபவருக்கு அறிவித்த பங்கிலாபம் சேராது) முந்தைய நாள் ஓடிச்சென்று வாங்குவதாலும் இலாபமில்லை. உரித்து நீங்கியதும் பங்கின் விலை ஏறத்தாழ அந்தத் தொகையளவு இறங்குவதே வழமை. கைக்கு வரும் தொகையிலும் 2023 ஜனவரி முதல் 15 வீத வரி பிடிக்கப்படுவதால், மேற்சொன்ன 4 ரூபாய் 3 ரூபாய் 40 சதமாகவே உங்கள் கணக்கில் விழும். வைப்பு வட்டியுடன் ஒப்பிடுபவர்கள் இரு பக்கத்திலும் வரியைக் கழித்த பின்னரே ஒப்பிட வேண்டும்.