எம்.எஸ். நோயாளிக்கு எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி: முதல்முறை எடுப்பவர்களுக்கு

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தால், மூளைநீரைக் கருப்பாக்கிக் காட்டும் ஃபிளேர் படத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுக்குள் நரம்பிழைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். அதற்குத்தான் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. அதே மெஷினிலேயே எடுக்கலாம். திசுவில் உள்ள வேதிப்பொருள்கள் ஒரு கோட்டில் மேடுகளாக வரும்.

1. பெட்டியை வைப்பது

பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். ஃபிளேர் படத்தை மூன்று கோணத்திலும் திறந்து, திட்டின் மேல் வோக்சல் எனும் பெட்டியை வையுங்கள். பக்கத்துக்கு 1.5 முதல் 2 செ.மீ. வரை இருக்கலாம். எம்.எஸ். திட்டுகள் பெரும்பாலும் மூளை வென்ட்ரிக்கிளை (மூளைநீர் நிறைந்த உள்ளறை) ஒட்டியே இருக்கும். பெட்டிக்குள் மூளைநீர் புகுந்தால் எல்லா மேடுகளும் தாழ்ந்துவிடும், நோய்தான் காரணம் என்று தவறாக நினைப்போம். மண்டையோட்டுப் பக்கம் போனால் கொழுப்பு கலந்துவிடும். அந்தப் பக்கத்தில் சிக்னலை அடக்கும் பட்டையான சாச்சுரேஷன் பேண்ட் போடுங்கள்.

அப்புறம், படத்தில் திட்டு இல்லாமல் சரியாகத் தெரியும் வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) இன்னொரு பெட்டி. இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து. எம்.எஸ்.ஸில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இடத்திலும் மாற்றம் இருக்கும். அதனால் அந்த இடத்தை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளாமல், அதே வயதுள்ள ஆரோக்கியமானவரின் அளவோடும் ஒப்பிட வேண்டும்.

2. ஷிம்மிங், நீர் அடக்கம்

ஷிம்மிங் என்பது பெட்டிக்குள் காந்தப்புலத்தைச் சீராக்குவது; நீர் அடக்கம் என்பது மற்ற மேடுகளை மறைக்கும் நீரின் சிக்னலைக் குறைப்பது. இரண்டையும் மெஷினே செய்யும். நீரின் மேடு அகலமாக இருந்தால் பெட்டியைச் சற்று நகர்த்தி மறுபடி ஷிம் செய்யுங்கள்.

3. டிஇ தேர்வு

டிஇ (எக்கோ டைம்) என்பது சிக்னலைப் பிடிக்கும் வரை காத்திருக்கும் நேரம். 30 மில்லிசெகண்ட் வைத்தால் கிளையா செல்களின் அடையாளமான மயோ-இனோசிட்டால் தெரியும். 144 வைத்தால் லாக்டேட் தலைகீழாக இறங்கும், கொழுப்பிலிருந்து பிரித்தறியலாம். நேரம் இருந்தால் இரண்டும் எடுங்கள். டிஆர் (ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி) 2,000 மில்லிசெகண்டில் 128 முறை சேர்த்தால் ஒன்றுக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். தலையை அசைக்க வேண்டாம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

4. கோட்டைப் படிப்பது

மேடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கோட்டின் கீழுள்ள பிபிஎம் எண்கள் சொல்லும்; அவை வலமிருந்து இடமாக ஏறும். 2.0-இல் என்ஏஏ (என்-அசிட்டைல் அஸ்பார்டேட்): நரம்பணுவும் நரம்பிழையும் இருப்பதன் அடையாளம். 3.0-இல் கிரியேட்டின், 3.2-இல் கோலின், 3.5 பக்கம் மயோ-இனோசிட்டால். லாக்டேட் 1.3-இல்.

புதிய, அழற்சி நடந்துகொண்டிருக்கும் திட்டில் மயலின் சவ்வு சிதைவதால் கோலின் உயரும், லாக்டேட்டும் கொழுப்பும் வரலாம், என்ஏஏ குறையும். பழைய திட்டில் என்ஏஏ குறைவாகவே நிற்கும், தழும்பு போல கிளையா செல்கள் (நரம்பணுக்களைத் தாங்கும் செல்கள்) பெருகுவதால் மயோ-இனோசிட்டால் உயரும்.

ஒன்றை மனதில் வையுங்கள். புதிய திட்டில் குறைந்த என்ஏஏ பல மாதங்களில் ஓரளவு மீண்டு வரலாம். வீக்கத்தால் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு. ஆகவே ஒரே ஒரு ஸ்பெக்ட்ரத்தைக் காட்டி "நரம்பு போய்விட்டது" என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். கட்டி போல் பெரிதாக வரும் எம்.எஸ். திட்டில் கோலின் எகிறி, புற்றுக்கட்டி போலவே காட்டும். எம்.எஸ். என்று உறுதிசெய்யப் பயன்படும் மெக்டொனால்ட் வரையறையில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி இல்லை. நோயை உறுதிசெய்ய இதை மட்டும் நம்ப முடியாது.

5. சேமிப்பது

ஸ்பெக்ட்ரத்தோடு பெட்டி இருந்த இடத்தையும் மூன்று கோணப் படங்களாகச் சேமியுங்கள். டிஇ, டிஆர், பெட்டியின் அளவு எல்லாம் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே நோயாளி வரும்போது, வேறொருவர் எடுத்தாலும் அதே இடத்தில் பெட்டியை வைக்க அது வேண்டும்.