எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்: முதல் வாரத்தை ஓட்டுவது எப்படி?

ஏஜைல் (மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, அடிக்கடி வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் முறை) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்டாண்டப் என்ற காலைச் சின்னக் கூட்டமும், வேலைப் பட்டியலைக் காட்டும் ஜிரா போர்டும்தான். கோட் எழுதும் விதம் மட்டும் பழையபடியே இருக்கும். கடைசி வாரத்தில் டெஸ்டிங், கடைசி நாளில் எல்லார் கோடையும் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ், அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க பக் தேடல். ஏஜைல் முறைகளில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், சுருக்கமாக எக்ஸ்பி, இந்தக் கோடிங் பக்கத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறது. இரண்டு பேர் இருந்தாலே தொடங்கிவிடலாம். கல்லூரி புராஜெக்ட்டாக இருந்தாலும் சரி.

முன்கதை கொஞ்சம். 1996இல் கென்ட் பெக் என்ற புரோகிராமர், அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் தடுமாறிக்கொண்டிருந்த சி3 என்ற சம்பளக் கணக்கு மென்பொருள் புராஜெக்ட்டுக்கு வந்தார். அதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். ரான் ஜெஃப்ரிஸ் கோச்சாக இருந்தார். 1997 மே மாதம் அது சுமார் 10,000 ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. எக்ஸ்பி உருவானது அங்கேதான். 2000இல் அந்த புராஜெக்ட் நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்பியைப் பிடிக்காதவர்கள் முதலில் எடுத்துவைக்கும் வாதம் அதுதான். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி ஏஜைல் அறிக்கையை எழுதியபோது பெக், ஜெஃப்ரிஸ் இருவரும் அதில் இருந்தார்கள். அதாவது, ஏஜைல் என்ற பெயர் வருவதற்கு முன்பே எக்ஸ்பி வந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு சின்ன நூலகத்துக்கு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூலகர்தான் நம் வாடிக்கையாளர்.

படி 1: கார்டில் எழுதுங்கள்

உள்ளங்கை அளவு கார்டுகள் போதும். நூலகரை உட்காரவைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கார்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். "புத்தகம் தாமதமாக வந்தால் அபராதம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்." இது ஒரு யூசர் ஸ்டோரி. "டேட்டாபேஸ் டேபிள் உருவாக்க வேண்டும்" என்பது ஸ்டோரி ஆகாது. நூலகருக்கு டேபிளால் ஒரு பயனும் இல்லை.

கார்டு சின்னதாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. எல்லா விவரத்தையும் அதில் எழுத முடியாது, அதனால் பேசியே ஆக வேண்டும். பேசி முடிவானதை இரண்டு மூன்று உதாரணங்களாகக் கார்டின் பின்பக்கம் எழுதுங்கள்: 14ஆம் நாள் வந்தால் அபராதம் இல்லை, 15ஆம் நாள் வந்தால் 1 ரூபாய்.

படி 2: யார் எதைச் சொல்வது?

எது முதலில் வேண்டும் என்பதை நூலகர் சொல்வார். எவ்வளவு வேலை என்பதை டெவலப்பர்கள் சொல்வார்கள். இவர் வேலையில் அவர் தலையிடக் கூடாது, அவர் வேலையில் இவரும். கார்டுக்கு 1, 2, 3 என்று பாயின்ட் போடுங்கள். 3க்கு மேல் போனால் கார்டை உடைத்துச் சின்னதாக்குங்கள். "இதை 2ஆகக் குறைக்க முடியாதா?" என்ற பேரம் வரும். பாயின்ட்டைக் குறைப்பதால் வேலை குறையாது. வேண்டுமானால் ஸ்டோரியில் எதையாவது எடுத்துவிடலாம்.

ஒரு வாரத்துக்கு எத்தனை பாயின்ட் எடுப்பது? முதல் வாரம் குத்துமதிப்புதான். அடுத்த வாரத்திலிருந்து, போன வாரம் முடித்தது எவ்வளவோ அவ்வளவு. 90 சதவீதம் முடிந்த ஸ்டோரிக்கு 0 பாயின்ட்.

ஒரு விஷயம் எப்படிச் செய்வது என்றே தெரியவில்லையா? சில மணி நேரம் ஒதுக்கி, தூக்கிப்போடப்போகும் கோடாக எழுதிப் பாருங்கள். இதற்கு ஸ்பைக் என்று பெயர். பிறகு பாயின்ட் போடலாம்.

படி 3: டெஸ்ட் முதலில், கோட் அப்புறம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டெஸ்ட்டை எழுதி ஓட்ட ஒரு கருவி வேண்டும்: பைதான் என்றால் பைடெஸ்ட், ஜாவா என்றால் ஜேயூனிட். (ஜேயூனிட்டை பெக்கும் எரிக் காமாவும் 1997இல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டா மாநாட்டுக்குப் பறந்தபோது விமானத்திலேயே எழுதத் தொடங்கினார்கள்.) நாள் எண்ணிக்கையைக் கொடுத்தால் அபராதத்தைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் நமக்கு வேண்டும். அதை எழுதுவதற்கு முன் டெஸ்ட்டை எழுதுங்கள்: 14 கொடுத்தால் 0 வர வேண்டும்.

ஓட்டுங்கள். ஃபங்ஷனே இல்லையே, சிவப்புதான் வரும், அதாவது டெஸ்ட் தோல்வி. இந்தச் சிவப்பைக் கண்ணால் பார்ப்பது அவசியம். ஒருமுறைகூடத் தோற்காத டெஸ்ட் உண்மையில் எதையாவது சோதிக்கிறதா என்று சொல்ல முடியாது.

இப்போது ஃபங்ஷனை எழுதுங்கள். உள்ளே ஒரே வரி: 0ஐத் திருப்பிக் கொடு. ஓட்டினால் பச்சை, டெஸ்ட் பாஸ். முட்டாள்தனமாகத் தோன்றும், ஆனால் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டாவது டெஸ்ட்: 15 கொடுத்தால் 1. மறுபடி சிவப்பு. நாளிலிருந்து 14ஐக் கழித்து விடையைக் கொடு என்று மாற்றுங்கள். இரண்டுமே பச்சை. பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது டெஸ்ட்: 10ஆம் நாளே புத்தகம் வந்துவிட்டது, அபராதம் 0. ஓட்டினால் சிவப்பு. விடை மைனஸ் 4! சீக்கிரம் படித்து முடித்தவருக்கு நூலகம் 4 ரூபாய் கொடுக்க வேண்டுமாம். கழித்த விடை 0க்குக் கீழே போனால் 0 என்று திருத்துங்கள். மூன்றும் பச்சை.

இப்போதுதான் சுத்தம் செய்யும் நேரம், அதாவது ரீஃபாக்டரிங். கோடுக்குள் வெறுமனே நிற்கும் 14க்கு இலவச நாட்கள் என்று ஒரு பெயர் கொடுங்கள். ஃபங்ஷனின் பெயர் சரியில்லையா, மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டெஸ்ட்டை ஓட்டுங்கள். பச்சையாக இருக்கும்வரை எதையும் உடைக்கவில்லை என்று நம்பி மேலே போகலாம்.

அடுத்த டெஸ்ட் யோசிக்கும்போது ஒரு கேள்வி வரும்: 400 நாள் கழித்து வந்தால்? 386 ரூபாயா? புத்தக விலையே 150 ரூபாய்தானே! இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், நூலகரிடம் கேளுங்கள். இப்படிப்பட்ட கேள்வி ரிலீஸுக்கு முன்பே வந்துவிடுகிறது பாருங்கள், பக் குறைவதைவிட இதைத்தான் நான் பெரிய லாபம் என்பேன்.

அதோடு, பிற்காலத்தில் நூலகத்துக்குப் பத்துக் கிளைகள் வரலாம் என்று இப்போதே பத்துக் கிளைக்கும் சேர்த்து எழுதாதீர்கள். கிளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். டெஸ்ட் இருப்பதால் அப்போது மாற்றுவதற்குப் பயம் இருக்காது.

படி 4: இருவர், ஒரு கீபோர்டு

ஒருவர் டைப் செய்வார். மற்றவர் அடுத்த டெஸ்ட் என்ன, எங்கே தவறு நுழைகிறது என்று பார்ப்பார். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். நம் ஆபீஸ்களில் இது கெட்டுப்போவது ஒரே விதத்தில்தான்: சீனியர் கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வார், ஜூனியர் "ஓகே அண்ணா, ஓகே அண்ணா" என்று தலையாட்டுவார். குறைவாகத் தெரிந்தவர் கையில் கீபோர்டு இருக்கட்டும். வேறு ஊரில் இருந்தால், ஒரே கோடை இருவரும் சேர்ந்து திருத்த விஎஸ் கோட் எடிட்டரின் லைவ் ஷேர் உதவும்.

நாள் முழுக்க ஜோடியாக வேலை செய்தால் களைத்துவிடுவீர்கள். ஆரம்பத்தில் கஷ்டமான ஸ்டோரிகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

படி 5: அன்றன்றே சேர்த்துவிடுங்கள்

எழுதிய கோடை ஒரு நாளுக்கு மேல் தனி பிராஞ்சில் (மற்றவர்கள் கோடோடு சேராத தனிப் பிரதியில்) வைக்காதீர்கள். மெயினில் (எல்லாரும் பகிரும் பிரதியில்) சேர்த்தவுடன் எல்லா டெஸ்ட்டும் தானாக ஓடட்டும், கோடைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் வசதியான ஆக்‌ஷன்ஸில் அமைத்துவிடலாம். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். சிவப்பு வந்தால் புது வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 6: வெள்ளிக்கிழமை நூலகர் கையில்

நீங்கள் டெமோ காட்டாதீர்கள். நூலகரே உட்கார்ந்து பயன்படுத்தட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். எந்த பட்டனைத் தேடித் தடுமாறுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

வாடிக்கையாளர் டீமோடு உட்கார வேண்டும் என்பது எக்ஸ்பியின் பழைய விதி. சென்னையில் இருந்துகொண்டு நியூயார்க் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் டீமுக்கு இது நடக்காத காரியம், நேர வித்தியாசமே ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை. அப்படிப்பட்ட இடத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரைத் தினமும் அரை மணி நேரமாவது அழைப்பில் பிடித்துவையுங்கள். அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டால் "கேட்டுச் சொல்கிறேன்" என்றே வாரம் ஓடிவிடும்.

சனி, ஞாயிறு வேலை வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது எக்ஸ்பியின் முதல் பன்னிரண்டு நடைமுறைகளில் ஒன்று. ஒரு வாரம் கூடுதலாக உழைக்கலாம், தொடர்ந்து இரண்டாவது வாரமும் என்றால் திட்டத்தில்தான் கோளாறு.

திங்கட்கிழமை கார்டுகளை மறுபடி மேசையில் பரப்புங்கள். போன வாரம் 7 பாயின்ட் முடித்திருந்தால் இந்த வாரமும் 7தான். நூலகர் புதிதாக 2 பாயின்ட் கார்டு ஒன்றை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு 2 பாயின்ட் உள்ள வேறு கார்டை வெளியே எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று அவரே சொல்லட்டும்.