பருந்துக்கு வளையம் போடும் வாரயிறுதி: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் மினசோட்டாவின் டலூத் நகரத்துக்கு மேலே வானம் பரபரப்பாகிவிடும். கனடாவின் காடுகளிலிருந்து தெற்கே வலசை கிளம்பும் பருந்துகளும் வைரி இனங்களும் ராசாளிகளும் சுப்பீரியர் ஏரியை எட்டியதும் தயங்குகின்றன. குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் அவற்றைத் தூக்கிவிட வெப்பக்காற்று எழாது. அதனால் ஏரியைக் கடக்காமல் வடகரையை ஒட்டியே தென்மேற்காகப் பறந்து, ஏரி முடியும் டலூத்தில் குவிகின்றன. அங்கே ஹாக் ரிட்ஜ் என்ற குன்றில் 1972 முதல் ஆண்டுதோறும் முறையாகக் கணக்கெடுக்கிறார்கள். பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் போட்டு, பறக்க விடும் வேலையும் அங்கே நடக்கிறது. 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அந்தக் குன்றைக் கடந்தன.

மினியாபொலிஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடலாம். சிலருக்கு ஒருமுறை பார்த்ததும் ஆர்வம் பிடித்துக்கொள்ளும். வேறு ஏதாவது வளையமிடும் நிலையத்தில் உதவியாளராகவும் சேர்ந்துவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, பறவை பயணத்தின் நடுவில் இருக்கிறது என்பதை மறப்பதால் வருபவை. நம் கையில் அது இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும், அது பறக்கவும் வேட்டையாடவும் வேண்டிய நேரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. அதை மனதில் வைத்துக்கொண்டால் பல தவறுகள் தானாகவே விலகிவிடும்.

காலண்டரை மட்டும் பார்த்துக் கிளம்புவது

மேலே சொன்ன ஒரு லட்சம் கணக்கைக் கேட்டுவிட்டு எல்லோரும் செப்டம்பர் நடுவில்தான் போக நினைக்கிறார்கள். வானத்தைப் பார்க்க அது சரி. ஆனால் அந்தப் பெருங்கூட்டம் பிராட்-விங்ட் ஹாக் என்ற பருந்து வகை. தென் அமெரிக்கா வரை போக வேண்டிய பறவை அது. வெப்பக்காற்றில் சுழன்று சுழன்று கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய், அங்கிருந்து வழுக்கிக்கொண்டே தெற்கே போய்விடும். வலைப் பக்கம் இறங்குவது அபூர்வம். வலையில் அதிகம் விழுவது ஷார்ப்-ஷின்ட் ஹாக். நம் ஊர் வைரிக்கு நெருங்கிய உறவு. மரங்களை ஒட்டித் தாழப் பறக்கும், சின்னப் பறவைகளைத் துரத்தித் தின்னும். அதற்குச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நல்ல காலம். காஸ்ஹாக் போன்ற பெரியவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசிக்கு மேல் போக வேண்டும். வடக்கே முயலும் காட்டுக்கோழியும் அருகிப்போன சில ஆண்டுகளில் காஸ்ஹாக் திரளாக இறங்கி வரும்; 1972லும் 1982லும் அப்படி வந்தது.

தேதியைவிட முக்கியம் காற்று. ஒரு குளிர்காற்று முகப்பு கடந்துபோய், வடமேற்குக் காற்று வீசும் நாள்தான் நாள். கிழக்கிலிருந்து ஏரிக்காற்று அடித்து மூடுபனி போட்டால் வானம் காலி. மழை பெய்தால் வலையையே சுருட்டிவிடுவார்கள், சுருட்டவும் வேண்டும். நனைந்த பறவை வலையில் கிடந்தால் உடல் வெப்பம் வெகு சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே வியாழக்கிழமை இரவு வானிலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வலையைத் தேடிக் காட்டுக்குள் போவது

குன்றின் மேல் பொதுமக்கள் நிற்கும் இடம் வேறு, வலை விரிக்கும் இடம் வேறு. பிடித்து வளையம் போட்ட பறவையைப் பார்வையாளர்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். சிலர் பொறுமை இல்லாமல் வலை எங்கே என்று மரங்களுக்கு இடையே தேடிப் போகிறார்கள். ஒரு மனித உருவம் நடமாடினால் போதும், அந்த வழியாக வரவிருந்த பறவைகள் விலகிவிடும். காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்களின் உழைப்பு வீண்.

அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறைகுடில் ஒன்று, அதில் ஒரு சிறு சன்னல். வெளியே பருந்தை ஈர்க்க ஒரு பார்வைப் புறா அல்லது குருவி, தோல் சட்டை போட்டுக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். குடிலில் இருந்து கயிற்றை இழுத்தால் அது சிறகடிக்கும். சுற்றிலும் மெல்லிய கறுப்பு நூலில் பின்னிய வலைகள். சின்ன வகைகளுக்கு வலைக்கண் 60 மில்லிமீட்டர் அளவு, பெரியவற்றுக்கு 100க்கு மேல். தரையில் வில் போல மடங்கி மூடும் வலையும் உண்டு. பருந்து பாய்ந்து வரும் அந்தச் சில நொடிகளில் குடிலுக்குள் யாராவது போனை எடுத்தாலோ எழுந்து நின்றாலோ அது திசை மாறிவிடும். பளிச்சென்ற உடையும் வேண்டாம். குடிலுக்குள் இருக்கும்போது பார்வைப் பறவைக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு கொடுப்பதில் அலட்சியம் காட்டுவதை நான் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பருந்துமேல் உள்ள அக்கறை அந்தப் புறாமேலும் இருக்க வேண்டும்.

அப்புறம் சட்டம். அமெரிக்காவில் வலசைப் பறவையைப் பிடிக்கவும் வளையம் போடவும் மத்திய அரசின் அனுமதி கட்டாயம். மேரிலாந்தில் உள்ள பறவை வளைய ஆய்வகம்தான் அதைக் கொடுக்கிறது. அனுமதி உள்ளவரின் மேற்பார்வையில்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடியும். யூடியூப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் வலை கட்டுவது குற்றம். இந்தியாவிலும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருவது முறையான அனுமதியோடுதான். இன்று அமெரிக்க நிலையங்களில் புழங்கும் பால்-சத்ரி என்ற கண்ணிக்கூண்டே இந்தியப் பருந்து பிடிப்பவர்களின் பழைய கருவி. கருவி நம்முடையது என்பது அனுமதிக்கு ஈடாகாது.

அவசரமாக வலையிலிருந்து எடுப்பது

புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பறவை வலையில் விழுந்ததும் ஓடிப்போக வேண்டும், அது சரி. பின்னாலேயே கூப்பர்ஸ் ஹாக் என்ற கொஞ்சம் பெரிய வைரி வந்தால் வலையில் தொங்கும் சின்னப் பறவையைக் கொன்று தின்றுவிடும். ஆனால் ஓடிப்போனதும் கையை நீட்டி இழுக்கக் கூடாது. முதலில் பறவை எந்தப் பக்கத்திலிருந்து வலைக்குள் போனது என்று பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் அது வெளியே வரும். அடுத்து கால்கள். இரண்டு கால்களையும் சேர்த்து, உடலுக்கு நெருக்கமாக, மேலே பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலையோ காலின் கீழ்ப்பகுதியையோ பிடித்தால் பறவை திமிறும்போது எலும்பு முறியக்கூடும்; ஷார்ப்-ஷின்ட் ஹாக்கின் கால் பென்சிலைவிட ஒல்லி. நகங்களில் சிக்கிய நூலை ஒவ்வொன்றாக விடுவித்த பிறகு இறக்கை, கடைசியில் தலை.

மார்பை அழுத்துவது இன்னொரு பெரிய தவறு. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பாசத்தோடு இறுக்கிப் பிடித்தாலும் மூச்சு நின்றுவிடும். வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினால் அது சூடேறித் தவிக்கிறது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும், தேவைப்பட்டால் வளையம் போடாமலே விட்டுவிட வேண்டும். “இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்தோமே” என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

சரி, நகம் உங்கள் கையில் ஏறிவிட்டது. என்ன செய்வது? இழுக்காதீர்கள். பருந்தின் காலில் உள்ள தசைநாண் தாழ்ப்பாள் போட்டது போலப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கும். அசையாமல் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் காலை மெதுவாக நீட்டிவிடச் சொல்லுங்கள். கால் நீண்டால் பிடி தளரும். பின்விரலின் பெரிய நகத்தை முதலில் எடுக்க வேண்டும். வலிக்கத்தான் செய்யும்.

எடுத்த பறவையை டப்பாவில் வைப்பார்கள். ஷார்ப்-ஷின்ட் ஹாக்குக்குப் பல நிலையங்களில் பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாதான். தலை உள்ளே, வாலும் காலும் வெளியே. இருட்டில் பறவை அடங்கிவிடும். அளவு தப்பக் கூடாது. இறுக்கமான டப்பாவில் மூச்சு முட்டும், தொளதொளவென்று இருந்தால் பறவை உள்ளேயே திரும்ப முயன்று வால் இறகை ஒடித்துக்கொள்ளும். ஒடிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. இந்த ஆண்டு பிறந்த குஞ்சு ஒன்று அந்த ஒடிந்த வாலோடு குளிர்காலம் முழுவதும் வேட்டையாட வேண்டியிருக்கும். காற்றோட்டத் துளை இல்லாத டப்பாவும், வெயிலில் வைத்துவிட்டு மறந்த டப்பாவும் பறவையின் உயிருக்கே ஆபத்து.

வளையமும் எண்ணும்

ஆணா பெண்ணா என்று தெரியாமல் வளையத்தைக் கையில் எடுக்கக் கூடாது. ஷார்ப்-ஷின்ட் ஹாக்கில் ஆண் சுமார் 100 கிராம், பெண் சுமார் 170. இரண்டுக்கும் வளைய அளவே வேறு. இறக்கை நீளத்தை அளந்தால் குழப்பமே வராது. நிறத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லப் பார்ப்பது தவறு. நிறம் சொல்வது வயதை: முதுகு பழுப்பு, கண் மஞ்சள் என்றால் இந்த ஆண்டுக் குஞ்சு, முதுகு நீலச்சாம்பல், கண் ஆரஞ்சிலிருந்து சிவப்பு என்றால் வளர்ந்தது. பெண் ஷார்ப்-ஷின்ட் ஹாக்கையும் ஆண் கூப்பர்ஸ் ஹாக்கையும் மாற்றிச் சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. வால் நுனி வெட்டியது போல நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், வளைந்திருந்தால் கூப்பர்ஸ்.

வளையத்தின் இரு முனைகளும் சரியாகச் சேர வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் காலை அறுக்கும், இடைவெளி விட்டால் குச்சி, நூல் மாட்டும். பெரிய பருந்துகள் சாதாரண அலுமினிய வளையத்தை அலகாலேயே பிரித்துவிடும் என்பதால் அவற்றுக்குப் பூட்டும் நாக்கு உள்ள வளையம், கழுகுகளுக்கு ரிவெட் அடிக்கும் வளையம். டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிக்குக் கால் வளையமே போடுவதில்லை. உடம்பைக் குளிர்விக்கத் தன் காலிலேயே எச்சமிடும் பறவை அது. எச்சம் வளையத்தில் படிந்து இறுகிவிடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு எண்ணைத் தப்பாக எழுதினால் அந்தப் பறவையைப் பிடித்ததற்கு அர்த்தமே இல்லை. வளையம் போடுபவர் உரக்கப் படிக்க, எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இந்தப் பழக்கத்தை விடுபவர்கள் உண்டு. வளையமிட்ட பறவைகளில் மறுபடி தகவல் வருவது மிகச் சிலவற்றுக்குத்தான். அந்தச் சிலவற்றில் ஒன்றின் எண் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடும் நேரம்

ஹாக் ரிட்ஜில் நன்கொடை கொடுத்து ஒரு பறவையைத் தத்தெடுத்தால், அதை நம் கையாலேயே விடலாம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அதில் மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கலாம். புகைப்படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிடித்துக்கொண்டே நிற்பது. முகத்துக்கு அருகே கொண்டுபோவது. விடும்போது மேலே தூக்கி வீசுவது. வீச வேண்டியதே இல்லை. திறந்த வெளியைப் பார்த்து, சாலைக்கும் கூட்டத்துக்கும் எதிர்ப்பக்கம் நின்று, கையைத் திறந்தால் போதும். நெஞ்சு, தலை தடவிப் பார்ப்பதும் வேண்டாம். நமக்கு அது கொஞ்சல், பறவைக்கு அது பிடிபட்ட பயம்.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள், கோழிப்பண்ணைக்குப் போட்டுப்போன செருப்போடு இங்கே வராதீர்கள். 2022 முதல் வட அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பருந்துகளையும் கழுகுகளையும் கொன்றுவருகிறது.

வீட்டுக்கு எடுத்துவரக் கூடாதது

கீழே கிடக்கும் இறகு. அழகாகத்தான் இருக்கும், பிள்ளைகள் அழுவார்கள். இருந்தாலும் வலசைப் பறவைகளின் இறகை வைத்திருப்பதே 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரைகொல்லிப் பறவைகள் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது 1972இல்தான். அதற்கு முன் 1940களில் இதே குன்றுக்குத் துப்பாக்கியோடு வந்து, கடந்துபோகும் பருந்துகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் போராடித்தான் அது நின்றது. அதை நினைத்தால், இறகை அங்கேயே விட்டுவரச் சொல்லும் சட்டம் எனக்குக் கடுமையாகத் தெரியவில்லை.

வளையத்தோடு இறந்துகிடக்கும் பருந்தை எங்காவது பார்த்தால், வளையத்தைக் கழற்றி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைப் படம் எடுத்து, ரிப்போர்ட்பேண்ட் டாட் கவ் என்ற இணையதளத்தில், கண்ட இடமும் தேதியும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். உயிரோடு இருக்கும் பறவையின் வளையத்தைத் தொடவே வேண்டாம். தொலைநோக்கியில் எண் தெரிந்தால் அதையும் பதியலாம். அந்தப் பறவைக்கு எந்த இடத்தில், எந்த ஆண்டு வளையம் போட்டார்கள் என்ற விவரம் உங்களுக்குப் பதிலாக வரும்.